ஃபான் ஹோவின் ஒளியும், இருட்டறையில் விழுந்த அந்த நிழலும்

வெயில்தேடி

ஹாங்காங் தெருக்களை 1950களிலும் 60களிலும் கறுப்பு வெள்ளையில் எடுத்த ஃபான் ஹோவின் படங்களைக் கொஞ்ச காலமாக ஒவ்வொன்றாக உட்கார்ந்து பார்த்துவருகிறேன். இந்த மனிதர் ஒளியை ஆண்ட விதத்தைப் பற்றி நம்ம ஆட்களிடம் பேசாமல் இருக்க முடியவில்லை.

தெரியாதவர்களுக்காக: 1931இல் ஷாங்காயில் பிறந்தவர். வீட்டில் கிடந்த கோடாக் பிரவுனி பெட்டிக் கேமராவில் பதினான்கு வயதில் எடுக்கத் தொடங்கினார். 1949இல் ஹாங்காங். அங்கே அப்பா ஒரு ரோலிஃப்ளெக்ஸ் வாங்கிக் கொடுத்தார். இன்று உலகம் கொண்டாடும் அவருடைய தெருப் படங்கள் அந்தக் கேமராவில், கழற்றி மாற்ற முடியாத அந்த ஒரே லென்ஸில் எடுத்தவை. எழுத்தாளராக வேண்டும் என்று இருந்தவருக்குத் தீராத தலைவலி. புத்தகத்தின் முன்னால் உட்கார முடியாமல் கேமராவோடு நடக்க ஆரம்பித்தார். ஃபிலிமைக் கழுவியது வீட்டுக் குளியல் தொட்டியில்.

பார்க்கப் பார்க்க எனக்குத் தெளிவானது இது: அவர் ஆட்களைத் துரத்தவே இல்லை. முதலில் இடத்தைப் பிடிக்கிறார். படிக்கட்டுச் சந்து, சந்தைக் கூரையின் ஓட்டை, டிராம் தண்டவாளம் வளையும் முனை. அங்கே எந்த மணிக்கு வெளிச்சம் எப்படி இறங்குகிறது என்று தெரிந்துகொள்கிறார். பிறகு காத்திருக்கிறார். சுமை தூக்கும் கூலியோ, பள்ளிக்கூடம் போகும் பிள்ளையோ அந்த வெளிச்சத்துக்குள் கால் வைக்கும்போது ஒரே ஒரு அழுத்து. பெரும்பாலும் எதிர்வெயில். அடுப்புப் புகையும் ஊதுபத்திப் புகையும் இருக்கும் இடங்களில் வெயில் கற்றை கற்றையாகத் தெரியும். அந்தக் கற்றையைத் தன் சட்டகத்தின் தூணாகவே நிறுத்திவிடுகிறார்.

ஒரு படத்தை மட்டும் எடுத்துச் சொல்கிறேன். 1954இல் எடுத்த 'நெருங்கும் நிழல்'. படத்தின் பெரும்பகுதி வெறும் வெள்ளைச் சுவர். அதைக் கோணலாக வெட்டிக்கொண்டு ஒரு கரிய முக்கோண நிழல். அடியில் சுவரை ஒட்டி, சின்னதாக ஒரு பெண். அவ்வளவுதான். அப்போது அவருக்கு வயது இருபத்திரண்டோ இருபத்துமூன்றோ. அந்த வயதில் இவ்வளவு வெற்றிடத்தை வைக்கத் துணிச்சல் எங்கிருந்து வந்தது? நாமெல்லாம் சட்டகத்தில் ஒரு மூலை காலியாக இருந்தாலே எதையாவது கொண்டுவந்து நிரப்பப் பார்க்கிறோம்.

உங்களுக்கு இவருடைய எந்தப் படம் பிடிக்கும், ஏன் பிடிக்கும் என்று எழுதுங்கள்.

செய்திக்கண்

வெயில்தேடி, நல்ல ஆளைப் பிடித்தீர்கள். எனக்கும் அவரைப் பிடிக்கும். ஆனால் நீங்கள் எடுத்துக்காட்டிய அந்தப் படத்தைப் பற்றி ஒரு விஷயம் சொல்லியாக வேண்டும். அந்த நிழல் அந்தச் சுவரில் விழவே இல்லை. அவரே பேட்டிகளில் மறைக்காமல் சொன்னதுதான். நிற்கும் பெண் அவருடைய உறவுக்காரப் பெண். காஸ்வே பே பகுதியில் இருக்கும் குயின்ஸ் கல்லூரிச் சுவரோரம் அவரை நிற்கவைத்து எடுத்தார். நிழலைச் சேர்த்தது பின்னால், இருட்டறையில். இளமை தேய்ந்து போகும் என்பதைச் சொல்வதற்காக.

இடத்தைப் பிடித்துக் காத்திருந்தார், வெளிச்சத்துக்குள் ஆள் கால் வைத்தபோது அழுத்தினார் என்று எழுதியிருக்கிறீர்கள். அவருடைய மற்ற படங்களுக்கு அது பொருந்தலாம். அவர் பெயரைச் சொன்னதும் எல்லோர் நினைவுக்கும் வரும் இந்தப் படத்துக்குப் பொருந்தாது. ஆளும் ஏற்பாடு, நிழலும் ஏற்பாடு. செய்திப் படத் துறையில் இருப்பவன் நான். படத்தில் குறுக்கே தெரியும் ஒரு கம்பியை அழித்தாலே வேலை போகும் இடம் அது. இந்தப் படத்தை நான் ரசிக்கலாம், ஆனால் தெருப் புகைப்படம் என்று சொல்லி ரசிக்க மனம் ஒப்பவில்லை.

வெள்ளி உப்பு

இரண்டு தம்பிகளுக்கும் வணக்கம். நாற்பது வருஷத்துக்கு மேல் ஸ்டூடியோவில் இருட்டறை பார்த்தவன் என்கிற முறையில் அந்த நிழலைப் பற்றி நான் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் "சேர்த்தார்" என்ற ஒரு சொல்லில் அது ரொம்ப எளிதாகப் போய்விடுகிறது.

நெகட்டிவைப் பெரிதாக்கிக் காகிதத்தில் விழவைக்கும் கருவிதான் என்லார்ஜர். அதன் அடியில் பிரிண்ட் காகிதம் இருக்கிறது. வெளிச்சம் எங்கே அதிகம் படுகிறதோ அங்கே காகிதம் கறுக்கும். முதல் எக்ஸ்போஷர், அதாவது முதல்முறை வெளிச்சம் கொடுப்பது முடிந்ததும், வெள்ளையாகவே இருக்கவேண்டிய பகுதியைக் கறுப்பு அட்டையால் மூடிவிட்டு, மீதிக்கு மட்டும் மறுபடி வெளிச்சம் கொடுத்தால் அந்தப் பகுதி இருண்டுவிடும். இதை நாங்கள் 'பர்ன்' பண்ணுவது என்போம். அட்டை காகிதத்தின் மேலேயே படுத்திருந்தால் ஓரம் கத்தியால் அறுத்த மாதிரி வரும். ஒரு சாண் மேலே தூக்கிப் பிடித்து லேசாக அசைத்துக்கொண்டே இருந்தால் ஓரம் கரையும். உண்மையான வெயில் நிழலுக்கு இந்த இரண்டுக்கும் நடுவில் ஓர் ஓரம் உண்டு. நிழலைத் தரும் கட்டடம் தூரத்தில் இருந்தால் ஓரம் மெல்லியதாகக் கரைந்திருக்கும். அந்த அளவைக் கையால் கொண்டுவர வேண்டும்.

அடுத்த சிக்கல் இன்னும் பெரியது. வெள்ளைச் சுவர் என்றால் நெகட்டிவில் அந்த இடம் அடர்த்தியான கறுப்பு. அதை ஊடுருவி வெளிச்சம் காகிதத்துக்கு வந்து சேர வெகுநேரம் ஆகும். பொறுமை இல்லாதவன் நெகட்டிவை எடுத்துவிட்டு வெறும் வெளிச்சத்தை அடித்து அந்த முக்கோணத்தைக் கறுப்பாக்கிவிடலாம். ஆனால் அப்போது நிழலுக்குள் சுவரே இருக்காது, தார் பூசின மாதிரி ஆகிவிடும். நிழல் நிழலாகத் தெரியவேண்டும் என்றால் இரண்டுக்கும் நடுவில் அளந்து போகவேண்டும். படத்தை வெளிக்கொண்டுவரும் டெவலப்பர் தட்டில் போட்டு, சிவப்பு விளக்கில் பார்த்து, படத்தை நிலைநிறுத்தும் ஹைப்போவில் இறக்கி, வெளியே வெளிச்சத்தில் கொண்டுபோய்ப் பார்த்தால்தான் சரியா தப்பா என்று தெரியும். தப்பென்றால் ஒரு தாள் போச்சு. இதைத் திரும்பத் திரும்ப ஒரே மாதிரி எடுப்பதற்குத் தனி வித்தை வேண்டும்.

இன்னொன்று. நம்மூர்ப் பழைய ஸ்டூடியோக்களில் நெகட்டிவ் டச்சிங் செய்யாமல் ஒரு கல்யாணப் படமும் வெளியே போகாது. சாய்வான டெஸ்கில் நெகட்டிவை வைத்து, கூர்சீவிய பென்சிலால் அம்மைத் தழும்பையும் கண்ணுக்குக் கீழே இருக்கும் கருவளையத்தையும் எடுத்துவிடுவோம். உங்கள் பாட்டி தாத்தா படம் வீட்டில் மாட்டியிருந்தால் அதில் பாதி முகம் கேமரா எடுத்தது, மீதி பென்சில் எடுத்தது. அதைப் பார்த்து யாரும் பொய் என்று சொன்னதில்லை.

மழைக்காலரயில்

வெள்ளி உப்பு ஐயா, இதைப் படித்த பிறகு அந்தப் படத்தை மறுபடி போய்ப் பார்த்தேன். நிழலின் ஓரத்தை இதுவரை நான் கவனித்ததே கிடையாது. நன்றி ஐயா.

செய்திக்கண் அண்ணா, உங்கள் கேள்வியை ஒதுக்கிவிட முடியாது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஒன்று யோசித்துப் பாருங்கள். நிழல் இல்லாத அந்த நெகட்டிவில் என்ன இருந்திருக்கும்? ஒரு பெண், ஒரு சுவர். நூறு பேரிடம் கொடுத்தால் தொண்ணூற்றொன்பது பேர் அந்தப் பெண்ணை இன்னும் நெருக்கமாக எடுத்திருப்பார்கள். இவர் சுவரை வைத்துக்கொண்டார். அந்த இடத்தில் ஏதோ ஒன்று வரவேண்டும் என்று எடுக்கும்போதே தெரிந்தவர்தான் அவ்வளவு வெறுமையை விடுவார்.

எனக்கு அவரிடம் இருக்கும் பெரிய மதிப்பு, வெட்டுவதில். ரோலிஃப்ளெக்ஸ் தருவது சதுரம், ஆறுக்கு ஆறு சென்டிமீட்டர். அவருடைய பிரிண்டுகளில் பல சதுரமே இல்லை. கோயில் தூண் மாதிரி ஒல்லியாக நீண்டவை உண்டு, பக்கவாட்டில் பட்டையாகப் போனவை உண்டு. க்ராப் செய்வதை அவர் கூச்சமாக நினைக்கவே இல்லை. அதே காலத்தில் பிரெஞ்சுப் புகைப்படக்காரர் கார்த்தியே-ப்ரெஸ்ஸோன் முழு நெகட்டிவையும் அப்படியே பிரிண்ட் போடச் சொன்னவர். ஃபான் ஹோ அவரைப் படித்தவர். எல்லாம் சரியாகக் கூடிவரும் நொடியில் அழுத்துவது என்ற ப்ரெஸ்ஸோனின் 'தீர்க்கமான கணம்' ஃபான் ஹோவைப் பாதித்திருக்கிறது. ஆனாலும் கணம் பிடிபட்ட பிறகு மிச்சத்தை வெட்டித் தள்ளுவதில் அவர் ப்ரெஸ்ஸோன் பக்கம் போகவில்லை.

நான் என் படங்களில் இதைச் செய்து பார்க்கிறேன். சதுரமாக எடுத்து, கறுப்புத் தாளை எல் எழுத்து மாதிரி இரண்டு துண்டாக வெட்டி, பிரிண்டின் மேல் நகர்த்தி நகர்த்திப் பார்ப்பது. சட்டகத்துக்குள் எத்தனை பேரை வெளியே அனுப்பினால் ஒருவர் மட்டும் மிஞ்சுகிறார் என்று பார்க்க இதைவிட நல்ல பயிற்சி எனக்குத் தெரியாது.

காவ்லூன்வாசி

இங்கே ஹாங்காங்கில் வேலை. உங்கள் பேச்சைப் படித்துவிட்டு இடத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

ஃபான் ஹோவின் படங்கள் பெரும்பாலும் ஹாங்காங் தீவின் வடகரையில்: சென்ட்ரல், ஷியுங் வான், சாய் யிங் புன். மலைச்சரிவு நேராகக் கடலில் போய் இறங்குகிற பகுதி. அதனால் சந்துகள் எல்லாம் படிக்கட்டு. கீழே நின்றால் மேலே இருந்து வருகிறவர் வானத்தின் முன்னால் தெரிவார், மேலே நின்றால் கீழே போகிறவரின் நிழல் படிக்குப் படி மடிந்து விழும். படத்துக்குத் தேவையான கோடுகளை ஊரே வரைந்து வைத்திருக்கிறது. 1904இலிருந்து ஓடும் டிராம் இன்றும் ஓடுகிறது. கல் பாவிய பாட்டிங்கர் தெருவும் இருக்கிறது. ஆனால் அந்த வெளிச்சம் இல்லை. அவர் காலத்தில் மூன்று நான்கு மாடிக் கட்டடங்கள்; காலை வெயில் அவற்றின் தலைக்கு மேலாகத் தெருவில் இறங்கும். இப்போது நாற்பது ஐம்பது மாடி. பல சந்துகளில் உச்சிவெயில் மட்டும்தான் தரை தொடுகிறது.

அடுப்புப் புகையும் போய்விட்டது. தெருவோரச் சாப்பாட்டுக் கடைகள் குறைந்துவிட்டன. கற்றை வெயில் வேண்டும் என்றால் மான் மோ கோயிலுக்குள் போகவேண்டும். கூரையிலிருந்து தொங்கும் சுருள் சுருளான பெரிய ஊதுபத்திகள், அந்தப் புகையில் ஜன்னல் வெளிச்சம் இறங்குவதைப் பார்க்கலாம்.

குயின்ஸ் கல்லூரி அதே காஸ்வே பேயில்தான் இருக்கிறது. 1950இலிருந்து அங்கே.

செய்திக்கண்

காவ்லூன்வாசி, நீங்கள் சொன்னதிலிருந்தே என் அடுத்த கேள்வியை எடுத்துக்கொள்கிறேன். அந்த ஊர் இப்போது இல்லை. ஆகவே இன்றைய இளைஞன் 1950களின் ஹாங்காங் எப்படி இருந்தது என்று பார்க்க ஃபான் ஹோவிடம்தான் போகிறான். அங்கேதான் எனக்கு உறுத்துகிறது.

1945இல் போர் முடிந்தபோது அந்த ஊரில் இருந்தது சுமார் ஆறு லட்சம் பேர். 1950 வாக்கில் இருபது லட்சத்தைத் தாண்டிவிட்டது. கூடியதில் பெரும்பகுதி சீனாவிலிருந்து வந்த சனம். மலைச்சரிவெல்லாம் தகரக் கொட்டகை. 1953 கிறிஸ்துமஸ் இரவில் ஷெக் கிப் மெய் குடிசைப் பகுதியில் தீப்பிடித்து ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் ஒரே இரவில் வீடிழந்தார்கள். அரசு பொதுக் குடியிருப்புகள் கட்டத் தொடங்கியதே அதற்குப் பிறகுதான். 'நெருங்கும் நிழல்' எடுத்தது அதற்கு அடுத்த வருஷம். அவருடைய புகழ்பெற்ற படங்களில் இந்த ஊரைத் தேடிப் பாருங்கள். வறுமை இருக்கிறது, ஆனால் பொன்வெயிலில் குளித்துக்கொண்டு இருக்கிறது.

1954 என்றதும் இன்னொரு விஷயம். அதே வருஷம் அமெரிக்காவின் லைஃப் பத்திரிகையில் புகைப்படக்காரர் யூஜின் ஸ்மித், மருத்துவர் ஆல்பர்ட் ஷ்வைட்சர் ஆப்பிரிக்காவில் நடத்திய மருத்துவமனையைப் பற்றிப் படக்கட்டுரை வெளியிட்டார். அதன் முதல் படத்தில் கீழ் மூலையில் தெரியும் ரம்பக் கைப்பிடியும் ஒரு கையும் வேறு நெகட்டிவிலிருந்து எடுத்து ஒட்டியவை. ஸ்மித் எவ்வளவு பெரிய கலைஞர் என்று எல்லோருக்கும் தெரியும். இருந்தும் அது இன்றுவரை பேசப்படுகிறது, ஏனென்றால் வாசகர் அதைச் செய்தி என்று நம்பிப் பார்த்தார். 2016இல் அமெரிக்கப் புகைப்படக்காரர் ஸ்டீவ் மெக்கரியின் படங்களில் ஆட்களை நீக்கியிருப்பது தெரியவந்தபோது, தன்னைக் காட்சிவழிக் கதைசொல்லி என்றுதான் இனி பார்க்கவேண்டும் என்று அவர் சொன்னார். முதலிலேயே சொல்லியிருந்தால் யாருக்கும் வருத்தமில்லை.

ஃபான் ஹோ பொய் சொன்னார் என்று நான் சொல்லவில்லை. அவர் வெளிப்படையாகத்தான் இருந்தார். அவரைக் கொண்டாடும் நாம்தான் படத்தை எடுத்துப் போடும்போது அந்தத் தகவலை விட்டுவிடுகிறோம்.

வெள்ளி உப்பு

செய்திக்கண் தம்பி, இங்கே ஒரு இடம் தெளிவாக வேண்டும். ஃபான் ஹோ பத்திரிகைக்கு வேலை செய்தவர் இல்லை. சலூன் ஆள்.

இப்போதைய பிள்ளைகளுக்கு சலூன் என்றால் முடிவெட்டும் கடைதான் நினைவுக்கு வரும். அந்தக் காலத்தில் உலகம் முழுக்க புகைப்படச் சங்கங்கள் நடத்திய போட்டிக் கண்காட்சிக்கு அதுதான் பெயர். பதினாறுக்கு இருபது அங்குலப் பிரிண்டை அட்டை வைத்துக் கட்டி, கப்பல் தபாலில் லண்டனுக்கும் சாவ் பாலோவுக்கும் அனுப்புவோம். மாதக்கணக்கில் காத்திருக்கவேண்டும். தேர்வானால் பிரிண்டின் முதுகில் அந்தச் சலூனின் சீட்டு ஒட்டித் திரும்பி வரும். நல்ல படத்தின் முதுகு முழுக்க சீட்டுகளாக இருக்கும். எடுத்தவரின் முகத்தைப் பார்த்தே இருக்கமாட்டோம், முதுகைப் பார்த்து "யாரப்பா இவன்!" என்போம். ஃபான் ஹோ அந்த உலகத்தில் வளர்ந்தவர். ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் சலூன்களில் அவர் வாங்கிய பரிசுகளும் பட்டங்களும் ஏராளம்.

சென்னைக்கும் இது புதிதில்லை. மெட்ராஸ் புகைப்படச் சங்கம் 1850களிலேயே தொடங்கியது. பெங்களூரில் நம் டி.என்.ஏ. பெருமாள் காட்டுயிர்ப் படங்களில் உலகப் பெயர் எடுத்தது இதே வழியில்தான்.

சொல்லவந்தது இதுதான். சலூனுக்குள்ளேயே பிரிவுகள் உண்டு. பிக்டோரியல் பிரிவில், அதாவது ஓவியம் மாதிரி அழகுக்காக எடுக்கும் படங்களில், இருட்டறை வேலை திறமையாக மதிக்கப்பட்டது. இயற்கைப் பிரிவில் எதையும் சேர்க்கவோ நீக்கவோ கூடாது. பெருமாள் அவர்களின் பறவைப் படத்தில் ஒரு நிழலைச் சேர்த்திருந்தால் அது குற்றம். ஃபான் ஹோவின் சுவரில் சேர்த்தது குற்றமில்லை. எந்தப் பந்தியில் உட்கார்ந்தோமோ அந்த இலைக்கு என்ன பரிமாறுவது என்று எல்லோருக்கும் தெரிந்தே இருந்தது.

யாழ்வாசல்

எல்லாரும் நல்லா எழுதுறியள். வறுமையை வடிவாக்கிப் போட்டார் எண்ட கதைக்கு மட்டும் ஒரு பதில் சொல்லவேணும் போல இருக்கு.

அண்ணை, அந்தச் சனம் எப்படி நிக்குது எண்டு பாருங்கோ. நான் பாத்த ஒரு படத்திலும் கையேந்தி நிக்கேல்லை. சுமை தூக்குறார், வியாபாரம் செய்யிறார், பிள்ளையை முதுகில கட்டிக்கொண்டு படியேறுறா. வந்தேறின சனம் தங்கட பாட்டைப் பாத்துக்கொண்டு போகுது. ஃபான் ஹோவும் அப்படி வந்தவர்தானே. 1949இல ஷாங்காயை விட்டு வந்தவர். வெளியில நிண்டு எடுத்த ஆள் இல்லை. அகதியாப் போன சனத்தைப் பரிதாபமாக் காட்டின படங்கள் நாங்கள் நிறையப் பாத்திட்டம். அந்தப் படங்களில எங்கட சனத்தின்ர முகம் எப்படி இருந்தது எண்டும் தெரியும். இவரின்ர படத்தில இருக்கிற நிமிர்வு எனக்குப் பெரிசு.

இன்னுமொண்டு. யாழ்ப்பாணத்தில 95 இடப்பெயர்வோட எத்தனை வீட்டு ஆல்பம் போச்சுது எண்டு எங்களுக்குத் தெரியும். இந்த மனுசன் தன்ர நெகட்டிவுகளைக் காப்பாத்தி வைச்சிருந்து, வயசு போன காலத்தில கலிஃபோர்னியாவில இருந்துகொண்டு திரும்ப எடுத்துப் பாத்திருக்கிறார். அப்படி வைச்சிருந்தபடியால்தான் இண்டைக்கு நாங்கள் இருந்து கதைக்கிறம்.

கல்வெட்டுக்காரன்

கொஞ்சம் விலகிப் போகிறேன், மன்னிக்கவும். ஃபான் ஹோ நடிகரும்கூட என்று யாரும் சொல்லவில்லையே! 1960களின் தொடக்கத்தில் ஹாங்காங்கின் ஷா பிரதர்ஸ் சினிமா ஸ்டூடியோவில் சேர்ந்தார். 1966இல் வந்த ஒரு படத்தில், மேற்குத் திசைக்குப் பயணம் போகும் துறவி வேடம் அவருக்கு. குரங்கு வீரன் துணைக்கு வருவானே, அந்தக் கதை. அந்தத் துறவிக்கு மூலமான உண்மை மனிதர் யுவான் சுவாங். 640 வாக்கில், பல்லவர் காலத்தில், நம் காஞ்சிபுரத்துக்கு வந்து குறிப்பெழுதி வைத்துவிட்டுப் போனவர். பிறகு ஃபான் ஹோ இயக்குநராகி இருபதுக்கும் மேற்பட்ட படங்களை எடுத்தார். பல வருஷங்களுக்குப் பிறகுதான் சினிமாவை விட்டார்.

இதைச் சொல்லக் காரணம் இருக்கிறது. அவர் தெருவை மேடையாகப் பார்த்தவர், ஆட்களை நடிகர்களாகப் பார்த்தவர். 2009இல் வந்த புத்தகத்துக்கு 'தி லிவிங் தியேட்டர்' என்றே பெயர். சினிமாவுக்குப் போகும் முன்பே அவருக்குள் ஓர் இயக்குநர் இருந்திருக்கிறார் என்று தோன்றுகிறது. அந்த உறவுக்காரப் பெண்ணைச் சுவரோரம் நிறுத்தியது அந்த இயக்குநர்தான்.

புதுச்சட்டகம்

வணக்கம். நான் கற்றுக்கொள்கிறவன். என்னிடம் இருப்பது டிஜிட்டல் கேமரா, 50 எம்எம் லென்ஸ். ஃபான் ஹோ மாதிரி எதிர்வெயிலில் எடுத்தால் ஒன்று வானம் வெளுத்துப்போகிறது, இல்லை ஆள் கறுத்துப்போகிறார். எப்படிச் செய்வது? ஆட்கள் கேமராவைப் பார்த்து முறைக்கிறார்கள், அதற்கும் வழி சொல்லுங்கள்.

வெயில்தேடி

தம்பி, ஆள் கறுத்துப்போகட்டும். அதுதான் வேண்டும். வெளிச்சப் பகுதிக்கு எக்ஸ்போஷர் வை, ஒன்று ஒன்றரை ஸ்டாப் குறைவாக (ஒரு ஸ்டாப் குறைத்தால் வெளிச்சம் பாதியாகும்). முகம் தெரியவில்லையே என்று கவலைப்படாதே. அவருடைய பல படங்களில் முகமே தெரியாது. தோள், தொப்பி, காலடி அகலம், இவைதான் ஆளைச் சொல்லும். அதனால் அழுத்தும் நேரம் முக்கியமாகிறது. இரண்டு காலும் ஒட்டியிருக்கும்போது அழுத்தினால் கரிய கட்டை மாதிரி வரும். கால் விரிந்து, கை உடம்பைவிட்டு விலகி, பின்னால் வெளிச்சம் புகும்போது அழுத்து. ஆளின் கரிய உருவம் இன்னொரு கரிய பொருளோடு ஒட்டாமல் பார்த்துக்கொள். சுற்றிலும் கொஞ்சம் வெளிச்சம் இருக்கவேண்டும்.

புகையைத் தேடி அலையாதே. அவருடைய படங்களைப் பார்த்துவிட்டு எல்லோரும் முதலில் பிடித்துக்கொள்வது புகையைத்தான். அவர் ஊரில் புகை இருந்தது, எடுத்தார். உன் ஊரில் என்ன இருக்கிறது என்று பார். நெல் களமா, ஆலைச் சங்கு ஊதியதும் வெளியே வரும் சைக்கிள் கூட்டமா, வெயில் ஏறுமுன் உப்பளத்தில் இறங்குகிறவர்களா. அங்கே வெளிச்சம் எந்த மணிக்கு எந்தப் பக்கம் என்று முதலில் கேமரா இல்லாமல் போய்ப் பார்.

முறைப்பதற்கு: ரோலிஃப்ளெக்ஸை இடுப்பளவில் பிடித்து, மேலிருந்து குனிந்து பார்க்கவேண்டும். எடுக்கிறவர் தலை குனிந்திருப்பதால் எதிரில் இருப்பவருக்குத் தன்னைக் குறிவைக்கிறார் என்று தோன்றாது. உன் கேமராவில் திரை மடங்கும் என்றால் அதே மாதிரி பிடி. ஆனால் ஒளிந்து எடுக்கவேண்டாம். அவருக்கே ஒரு பன்றிக்கறிக் கடைக்காரர் கத்தியோடு வந்து, என் ஆவியைத் திருப்பிக் கொடு என்று மிரட்டிய அனுபவம் உண்டு. ஒரே இடத்தில் நீண்ட நேரம் நின்றால் கொஞ்ச நேரத்தில் நீயும் அந்தத் தெருவில் ஒருவனாகிவிடுவாய். டீக்கடையில் ஒரு டீ சொல்லிவிட்டு நில்.

மழைக்காலரயில்

தம்பிக்கு ஒரு சின்னச் சேர்க்கை. ரோலிஃப்ளெக்ஸின் கண்ணாடியில் இடம் வலமாக மாறித்தான் தெரியும். இடமிருந்து வருகிறவர் வலமிருந்து வருவார். ஆளின் பின்னால் கேமராவை ஓட்டுவது அதனால் கஷ்டம். சட்டகத்தை நிறுத்திவிட்டு ஆளை உள்ளே வரவிடுவது சுலபம். அவருடைய காத்திருப்புக்கு இந்தக் கேமராவுக்கும் பங்கிருக்கிறது என்று நினைக்கிறேன். ஒரு ரோலுக்குப் பன்னிரண்டு படம்தான். நீயும் ஒரு காலை வேளைக்குப் பன்னிரண்டு அழுத்துக்கு மேல் இல்லை என்று வைத்துப் பார்.

செய்திக்கண்

வெள்ளி உப்பு ஐயா சொன்ன சலூன் விளக்கம் எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. பிக்டோரியல் பிரிவு என்று ஒப்புக்கொண்டால் அந்த நிழல்மேல் எனக்குப் புகார் இல்லை. யாழ்வாசல் சொன்னதையும் யோசித்தேன். ஏந்திய கையை நானும் பார்த்ததில்லை. பரிதாபம் காட்டும் படம்தான் உண்மையான படம் என்று என் துறையில் ஒரு பழக்கம் உண்டு, அதை நான் இன்னும் கேள்வி கேட்கவேண்டும்.

ஒரு விஷயத்தில் மட்டும் மாறமாட்டேன். 'நெருங்கும் நிழல்' படத்தை யார் பகிர்ந்தாலும் நிழல் இருட்டறையில் சேர்த்தது என்று ஒரு வரி போடவேண்டும். 2014இல் வந்த 'எ ஹாங்காங் மெமோயர்' புத்தகத்தில் பழைய நெகட்டிவுகளை ஒன்றன்மேல் ஒன்று இணைத்து அவர் செய்த புதுப் படங்கள் இருக்கின்றன. அவை ஒரே தெருவில் ஒரே நொடியில் எடுத்தவை என்று யாராவது நினைத்தால் அந்தக் கலைஞர் எண்பது வயதில் செய்த வேலையே காணாமல் போகிறது. தகவலைச் சொன்னால் மரியாதை கூடும், குறையாது.

வெயில்தேடி

ஒப்புக்கொள்கிறேன், செய்திக்கண். எனக்கு இப்போது அந்தப் படம் முன்பைவிட அதிகமாகப் பிடிக்கிறது. காத்திருந்து பிடித்த நிழல் என்று நினைத்தபோது அவருடைய கண்ணை வியந்தேன். இல்லாத நிழலை அந்த வெள்ளைச் சுவரில் முன்கூட்டியே பார்த்தார் என்று தெரிந்த பிறகு வியப்பு வேறு இடத்துக்குப் போய்விட்டது.

வெள்ளி உப்பு ஐயா, ஒரு வேண்டுகோள். வெறும் சுவர் ஒன்றை ஃபிலிமில் எடுத்து, அட்டை வைத்து அப்படி ஒரு நிழல் போட்டுக் காட்டமுடியுமா? அட்டையைத் தாளில் படுக்கவைத்து ஒன்று, தூக்கிப் பிடித்து ஒன்று, நெகட்டிவ் இல்லாமல் ஒன்று. மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் பார்த்தால் பிள்ளைகளுக்குப் புரியும்.

வெள்ளி உப்பு

கட்டாயம் செய்கிறேன் தம்பி. என்லார்ஜர் இருக்கிறது, காகிதம்தான் கொஞ்சம் விலை. பேரனை உட்காரவைத்துக்கொண்டு செய்தால் அவனும் ஒன்று கற்றுக்கொள்வான். மூன்று பிரிண்டும் காய்ந்ததும் போடுகிறேன்.

புதுச்சட்டகம்

எல்லோருக்கும் நன்றி. கடைசியாக ஒன்று: ஒரே ஒரு புத்தகம் வாங்க முடியும் என்றால் எதை வாங்கலாம்?

மழைக்காலரயில்

2006இல் வந்த 'ஹாங்காங் யெஸ்டர்டே' கிடைத்தால் அதை வாங்கு. தெருப் படங்களுக்கு அதுதான் முதல் வாசல். பழைய பதிப்புகள் விலை அதிகம். கையைக் கடித்தால், 2016இல் அவர் இறந்த பிறகு 2017இல் வந்த 'போர்ட்ரெய்ட் ஆஃப் ஹாங்காங்'கைத் தேடு. இணைத்துச் செய்த படங்கள் இருக்கும் 'மெமோயர்' மூன்றாவதாக வரட்டும். முதல் இரண்டில் அந்தத் தெருக்கள் பழகிய பிறகு பார்த்தால்தான் அவர் எதை எதோடு சேர்த்தார் என்று பிடிபடும்.